ஏறுவதற்கு முன் ஒரு முங்கு

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் ஜெகன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியிருந்தது. டிராக்டரின் முன்பக்க லோடரில் பழுது எதுவும் இல்லை என்று அந்தத் தாள் சொன்னால், டிரைவர் சத்பீருக்கு அன்றோடு வேலை இல்லை. பழுது உண்டு என்று சொன்னால், பழுதான வண்டியை ஓடவிட்டது யார் என்று கேட்பார்கள். சனிக்கிழமை மாலை வரை ஜெகனுக்கு இதில் குழப்பமே இருக்கவில்லை. வண்டி நன்றாக இருந்தது. அதை அவரே சோதித்துப் பார்த்திருந்தார்.

டெல்லியில் சாணக்யபுரியைத் தாண்டி, ரிட்ஜ் காட்டை ஒட்டி இருக்கிறது அவர் வேலை செய்யும் யார்டு. சாலையோர மரங்கள் உதிர்க்கும் இலையெல்லாம் லாரி லாரியாக அங்கே வந்து மலையாகக் குவியும். அதைப் புரட்டவும் அள்ளவும் முன்னால் இரண்டு இரும்புக் கைகளும் ஒரு பக்கெட்டும் பொருத்திய டிராக்டர் ஒன்று உண்டு. ஓட்டுவது சத்பீர், ஹரியானாக்காரர். பழுது பார்ப்பது ஜெகன்.

ஜெகன் குடியாத்தத்துக்காரர். பதினெட்டு வயதில் ராணுவத்தின் பழுதுபார்க்கும் பிரிவில் சேர்ந்து, ஜபல்பூரிலும் பதான்கோட்டிலும் லேயிலும் கடைசியில் டெல்லியிலும் பதினேழு வருடம் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்துவிட்டு, ஹவில்தாராக வெளியே வந்தவர். மகள் இந்துஜாவின் படிப்புக்காக டெல்லியிலேயே தங்கிவிட்டார். முனிர்காவில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை. யார்டில் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. டிரைவர்கள் எல்லோரும் அவரை, ஆசான் என்ற பொருளில், உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பெயர் அவருடைய காதுக்காகக் கிடைத்தது. எண்ணெய் போதாமல் பம்பு அழுவது ஒரு சத்தம்; பாரம் தாங்காமல் ரிலீஃப் வால்வு திறந்துகொண்டு கத்துவது இன்னொரு சத்தம். மற்றவர்களுக்கு இரண்டும் வெறும் இரைச்சல். ஜெகன் பானெட்டில் ஒரு கையை வைத்து, தலையைச் சாய்த்து, அரை நிமிடம் நிற்பார். பிறகு எந்த இடத்தைக் கழற்ற வேண்டுமோ அங்கே நேராகப் போவார். "உஸ்தாத் கழற்றவே வேண்டாம், வண்டியே வாயைத் திறந்து சொல்லிவிடும்" என்று சத்பீர் எல்லோரிடமும் சொல்லித் திரிவார். இருவருக்கும் நல்ல பழக்கம். ஒரு ஹோலி அன்று முகமெல்லாம் பச்சையும் சிவப்புமாக வந்து, "உஸ்தாத், உங்க மதராஸி கெட்ட வார்த்தை ஒண்ணு கத்துக்கொடுங்க" என்று நச்சரித்தார் சத்பீர். பட்டாளத்தில் வடக்கத்தியான் ஒவ்வொருவனும் முதலில் கற்றுக்கொள்ளும் தமிழ்ச் சொல் எதுவோ அதையே ஜெகனும் கற்றுக்கொடுத்தார். தாயை இழுக்கும் சொல். அன்று முழுக்க சத்பீர் அதை யார்டு முழுவதும் கூவிக்கொண்டு திரிந்தார். ஜெகன் வயிறு வலிக்கச் சிரித்தார்.

அது மூன்று வருடத்துக்கு முந்தைய கதை.

இந்த ஜூலை மாதம் ஜெகனின் அம்மா பாப்பம்மாள் இறந்துபோனார். கடைசி நான்கு வருடம் அவர் முனிர்காவில்தான் இருந்தார். வெயில் எட்டிப் பார்க்காத அந்த அறையில் இருந்துகொண்டு இந்தியில் இரண்டே இரண்டு பேச்சுக் கற்றிருந்தார்: பையா, கம் கரோ. தம்பி, விலையைக் குறை. அந்த இரண்டை வைத்துக்கொண்டு காய்கறி வண்டிக்காரனை மாடியிலிருந்தே மடக்கிவிடுவார். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, பன்னிரண்டாம் நாள் விடியும்போது போய்விட்டார். ஜெகன் அப்போது கீழே கேண்டீனில் டீ வாங்கிக்கொண்டிருந்தார். அஸ்தியை ஹரித்வாரில் கரைத்து, மூன்று முறை முங்கி எழுந்து, தலையும் மீசையும் மழித்து, காரியங்கள் முடிந்து அவர் யார்டுக்குத் திரும்பியபோது மொட்டைத் தலையில் வெயில் சுட்டது.  

திரும்பி வந்த இரண்டாம் நாள்தான் அது நடந்தது.

ஜெகன் தண்ணீர் டேங்கருக்கு அடியில் இருந்தார். சத்பீர் டிராக்டரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. இருக்கையிலிருந்தே குனிந்து, இரைச்சலுக்கு மேலே கத்தினார். ஜெகனுக்கு முழு வாக்கியமும் காதில் விழவில்லை. ஒரு சொல் மட்டும் விழுந்தது.

"உஸ்தாத்! கோத்தா... கோத்தா!"

சொல்லிக்கொண்டே சத்பீர் உள்ளங்கையை ஒருமுறை கீழே அமிழ்த்தி மேலே தூக்கிக் காட்டினார். பல்லும் தெரிந்தது. பின்னால் லாரியில் இருந்த இரண்டு பேர் எதற்கோ சிரித்தார்கள்.

ஜெகன் வெளியே வந்தார். ஹோலி அன்று அவரே கற்றுக்கொடுத்த சொல். அம்மாவைக் கரைத்துவிட்டு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. "போ இங்கிருந்து," என்று இந்தியில் சொன்னார். "உன் முகத்தைக் காட்டாதே." சத்பீருக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மதியம் சத்பீர் நடந்தே வந்தார். "உஸ்தாத், கோபமா? அந்தக் கோத்தா விஷயம்..." என்று ஆரம்பித்தார். ஜெகன் கையில் இருந்த ஸ்பேனரை ஓங்கினார். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். சத்பீர் அதற்குப் பிறகு வரவில்லை.

யார்டில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் குறையை வாயால் சொல்வார்; மெக்கானிக் அதை ஜாப் கார்டில் எழுதுவார். எழுதியதுதான் குறை. எழுதாதது குறையே இல்லை. ஜெகன் எழுதவில்லை, ஏனென்றால் அவரைப் பொறுத்தவரை யாரும் எந்தக் குறையும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை காலை, மழையில் ஊறிய இலைமண்ணை பக்கெட் நிறைய அள்ளி, முழங்காலுக்கும் சற்றுக் கீழே நிறுத்தியிருந்தார் சத்பீர். தோட்டக்கார அம்மாள் ராம்தேயி, பக்கெட்டின் முன்னால் சிந்திய இலையைக் குச்சியால் இழுத்துக்கொண்டிருந்தார். சத்பீர் லீவரை இழுத்தார். பக்கெட் கீழே வந்து, பிறகு மேலே ஏறியது. கீழே வந்த அந்த ஒரு நொடியில் அதன் விளிம்பு ராம்தேயியின் இடது பாதத்தில் இறங்கியது. மூன்று எலும்புகள் முறிந்தன.

"கஸம் சே, சத்தியமா, தூக்கத்தான் இழுத்தேன்," என்று சத்பீர் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். யாரும் நம்பவில்லை. பக்கெட் கீழே வந்ததைப் பார்த்தவர்கள் நான்கு பேர். லீவரை மாற்றித் தள்ளியிருக்கிறான், அலறல் கேட்டதும் பயந்து மேலே இழுத்திருக்கிறான். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

மதியம் உதவிப் பொறியாளர் வைதேஹியின் முன்னிலையில் ஜெகன் லோடரைச் சோதித்தார். மண்ணைக் கொட்டிவிட்டு, வெறும் பக்கெட்டை நெஞ்சு உயரம் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சிலிண்டரின் பளபளப்பான தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். வால்விலோ சிலிண்டரிலோ கசிவு இருந்தால் கை தானாக இறங்கும், கோடு உள்ளே போகும். பத்து நிமிடம் நின்றார்கள். கோடு மயிரிழைகூட நகரவில்லை.

"வால்வு டீக், சரியா இருக்கு, மேடம்," என்றார் ஜெகன்.

"அப்போ மண்டே ரிப்போர்ட் குடுத்திடுங்கோ, ஜெகன் ஜி." வைதேஹி டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருடைய தமிழ் வீட்டில் அம்மாவிடம் பேசும் தமிழ். "இந்த சத்பீர், முன்னாடி ஏதாவது கம்ப்ளெய்ன்ட் பண்ணியிருக்கானா?"

"இல்ல, மேடம்."

அந்தப் பதிலில் ஜெகனுக்கு எந்த உறுத்தலும் இருக்கவில்லை. கேட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சத்பீரைக் கடந்து போகும்போது, வாயில் வருவதைப் பேசுகிறவனுக்குக் கையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். நினைத்தது நன்றாகவே இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் இந்துஜாவை அழைத்துக்கொண்டு ஐ.என்.ஏ. மார்க்கெட் போனார். அம்மாவின் முப்பதாம் நாளுக்கு வாழையிலை, பூசணிக்காய், எள் வாங்க வேண்டியிருந்தது. மனைவி பூங்கோதை சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். இந்துஜா காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், அம்மா எழுதிய சீட்டைப் படிக்க வராது. அதனால் அப்பா படிக்க, அவள் கடைக்காரரிடம் கேட்டு வாங்கினாள்.

வெளியே வந்து ஆட்டோவுக்காக நின்றார்கள். சுதந்திர தினத்துக்கு இன்னும் சில நாள்தான். கூரைகளுக்கு மேலே வானம் முழுக்கப் பட்டம். ஒரு சிவப்புப் பட்டம் நன்றாக மேலே நின்றிருந்தது, சட்டென்று தலைகுப்புறச் சரிந்தது.

"அரே, கோத்தா கா கயீ!" என்றாள் இந்துஜா.

ஜெகன் பூசணிக்காய்ப் பையைத் தரையில் வைத்தார்.

"இன்னா சொன்ன?"

"என்னப்பா?"

"இப்ப இன்னா சொன்ன நீ? யார்கிட்ட கத்துகினே அந்த வார்த்தைய?"

நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இந்துஜாவின் முகம் சிவந்தது. "பதங்க், அந்தப் பட்டத்தத்தான்ப்பா சொன்னேன். பாருங்க, கீழ வந்துது, திரும்ப மேல போச்சு. அதுக்கு கோத்தான்னுதான் சொல்வாங்க. இதுல என்ன?" அப்பாவின் முகத்தைப் பார்த்து அவளுக்கு பயம் வந்தது. "டுப்கி மாதிரிப்பா. ஹரித்வார்ல பாட்டிக்காக நீங்க மூணு தடவ போட்டீங்களே, அது. தண்ணிக்குள்ள போய்ட்டு வெளிய வரது. பட்டம் பண்ணினா கோத்தா. ஏன்? தமிழ்ல அதுக்கு என்ன அர்த்தம்?"

 மகளிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? அவர் அந்தச் சிவப்புப் பட்டத்தையே பார்த்தார். அது ஏறியது. யாரோ நூலைச் சுண்டியிருக்க வேண்டும், இன்னொரு முறை முங்கி, ஏறியது. சத்பீரின் உள்ளங்கை. கீழே அமிழ்ந்து, மேலே எழுந்த உள்ளங்கை.

இருபத்தாறு வருடமாக இந்தியில் புழங்குகிறவர் அவர். பட்டாளத்தில் பரீட்சை எழுதித் தேறியவர். இந்தச் சொல் மட்டும் அவர் பக்கம் வராமலே இருந்திருக்கிறது. சத்பீர் சொன்னதில் 'த்' அவ்வளவு அழுத்தமாகக்கூட இருந்திருக்காது. இன்ஜின் இரைச்சலில் அந்த அழுத்தத்தைச் சேர்த்துக்கொண்டது அவருடைய காதுதான்.

"ஆட்டோ வந்துடுச்சுப்பா," என்றாள் இந்துஜா.

வழியெல்லாம் அவர் மனம் டிராக்டரிலேயே இருந்தது. வால்வின் உள்ளே ஒவ்வொரு துளையாக நடந்துகொண்டிருந்தார். வண்டி முங்கிவிட்டு ஏறுகிறது என்றால் அது கசிவு அல்ல. கசிவு சும்மா நிற்கும்போது தெரியும். அதைத்தான் அவர் சாக்பீஸ் கோடு போட்டுத் தேடினார். இது தூக்க ஆரம்பிக்கும்போது வரும் நோய். லீவரை இழுத்ததும் பம்பிலிருந்து சிலிண்டருக்கு வழி திறக்கிறது. அந்த நொடியில் பம்பின் அழுத்தம் இன்னும் ஏறியிருக்காது. மேலே இருக்கும் பாரம் எண்ணெயைத் திரும்பித் தள்ளப் பார்க்கும். அப்படித் திரும்ப விடாமல் தடுப்பதற்கென்றே வால்வுக்குள் சுண்டுவிரல் நுனியளவு ஒரு செக் வால்வு இருக்கிறது, பின்னால் ஒரு ஸ்பிரிங்குடன். அது சரியாகப் போய் உட்காரவில்லை என்றால் பாரம் ஒரு சாண் இறங்கும். பிறகு பம்பு எட்டிப் பிடித்ததும் ஏறும். வெறும் பக்கெட்டில் தெரியாது. ஆக்சிலரேட்டரைக் கூட்டி வைத்தாலும் தெரியாது. முழுப் பாரம், மெதுவான இன்ஜின், மெதுவான கை, மூன்றும் சேர்ந்தால்தான் தெரியும். பக்கத்தில் ஆள் நிற்கும்போது நல்ல டிரைவர் எப்படி ஓட்டுவானோ அப்படி ஓட்டினால்.

ஞாயிற்றுக்கிழமை யார்டில் வாட்ச்மேன் மட்டும்தான். "உஸ்தாத், இன்னைக்கு லீவாச்சே," என்றார் அவர். ஜெகன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு டிராக்டரில் ஏறினார். ஈர இலைமண்ணை விளிம்பு வரை அள்ளினார். முழங்காலுக்கும் சற்றுக் கீழே நிறுத்தினார். பக்கத்தில் ஒரு மூங்கில் கழியை நட்டு, பக்கெட் விளிம்பின் மட்டத்தில் கோடு போட்டார். திரும்ப ஏறி, இன்ஜினைக் குறைத்து, லீவரைத் தொட்டு, மிக மெதுவாக இழுத்தார்.

பக்கெட் முங்கியது.

ஏறியது. அவர் மறுபடி இறக்கி நிறுத்தி மறுபடி இழுத்தார். முங்கியது. ஏழு முறை செய்து பார்த்தார். ஐந்து முறை முங்கியது. இரண்டு முறை ஒன்றும் நடக்கவில்லை. கழியில் அளந்தால் ஒரு சாணும் நான்கு விரலும். நடுவில் ஒருமுறை சத்தத்தைக் கேட்கலாமே என்று தலையைச் சாய்த்தார். ஒரு சத்தமும் இல்லை. இந்த வியாதிக்குச் சத்தமே கிடையாது. இதை வண்டி சொல்லாது. ஓட்டுகிறவன்தான் சொல்ல முடியும்.

பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்து, உள்ளே மிச்சமிருந்த அழுத்தம் போக லீவரை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு, வால்வைத் திறந்தார். செக் வால்வு உட்காரும் இடத்தில், நகக்கண்ணளவு கறுப்பாக ஒன்று ஒட்டியிருந்தது. ரப்பர். ஏதோ ஒரு ஹோஸ் குழாயின் உள் தோல். எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஜூன் கடைசியில், அம்மாவுக்கு முதல் முறை மூச்சு முட்டிய அன்று, அவர் ஒரு ஹோஸை அவசரமாக மாற்றிவிட்டு ஓடினார். புதுக் குழாயை ஊதிச் சுத்தம் செய்தோமா என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. செய்ததாக ஞாபகம் வரவில்லை என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தத் துணுக்கைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இதை எடுத்துக் காட்டினால் போதும்: எதிர்பாராத பழுது, டிரைவர் மேல் தப்பில்லை. அப்படி எழுதிவிட்டால் என்ன என்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நினைத்துப் பார்த்தார். ஆனால் வைதேஹி அடுத்து என்ன கேட்பார் என்பது அவருக்குத் தெரியும். பல நாளாகப் பழுது இருந்ததென்றால் டிரைவர் ஏன் சொல்லவில்லை? சத்பீர், சொன்னேன் என்பார். உஸ்தாத் இல்லை என்றாரே என்பார்கள். அப்போதும் வேலை போவது சத்பீருக்குத்தான்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு வைதேஹி அறிக்கையைப் படித்தார். ஜெகன் இந்தியில் எழுதியிருந்தார், ஒரு பக்கம். வைதேஹி ஒருமுறை படித்துவிட்டு, கடைசிப் பத்தியை மறுபடி படித்தார்.

"உட்காருங்கோ, ஜெகன் ஜி." அவர் உட்காரவில்லை. "இரண்டு தடவை வந்து சொன்னான்னு எழுதியிருக்கேள். ஃப்ரைடே நான் கேட்டப்போ இல்லைன்னேளே?"

"அப்ப அவன் சொன்னது எனக்குப் புரியல, மேடம்."

"கோத்தா கா ரஹீ ஹைன்னு சொன்னான். இதுல புரியாம என்ன இருக்கு? டைவ் அடிக்கறதுன்னு சொல்றான்."

"எனக்கு வேற மாதிரி காதுல விழுந்துச்சு."

"வேற மாதிரின்னா?"

ஜெகன் மேஜையின் விளிம்பைப் பார்த்தார். அந்த அம்மாளுக்கு அந்தச் சொல் தெரியாது. அவர்கள் வீட்டுத் தமிழில் அது இருந்திருக்காது. "எங்க ஊர்ல அது பேச்சு இல்ல, மேடம். அம்மாவ வச்சு திட்டறது. எங்கம்மாவ சொல்றான்னு நெனச்சிட்டேன். அதான் துரத்திட்டேன்."

 வைதேஹி தாளைத் திருப்பி வைத்தார். "இந்த லாஸ்ட் பாரா உங்களுக்குத்தான் ப்ராப்ளம் ஆகும். மெமோ வரும். தெரியுமோல்லியோ?"

"தெரியும், மேடம். அந்தப் பாரா இல்லன்னா அவனுக்கு வேல போயிடும்."

ஜெகன் தன் கையெழுத்தைக் காட்டினார். வைதேஹி அதன் கீழே தேதி போட்டார்.

சத்பீர் கேட்டுக்கு வெளியே மாமரத்தின் கீழ் நின்றிருந்தார். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். ஜெகன் அவர் முன்னால் போய் நின்று, எல்லாவற்றையும் சொன்னார்: வால்வு, ரப்பர், அறிக்கை. பிறகு அந்தச் சொல்லையும் சொன்னார். எந்த இடத்தில் தன் காது தப்பியது என்று சொன்னார். சத்பீர் சிரிப்பார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. பழைய சத்பீர் என்றால் தரையில் உருண்டு சிரித்திருப்பார்.

சத்பீர் சிரிக்கவில்லை. ஜெகனின் தலையைப் பார்த்தார். மயிர் அரும்பத் தொடங்கியிருந்தது, அங்கங்கே வெள்ளையாக.

"உஸ்தாத்," என்றார், "எங்க ஊர்லயும் அம்மா போனா மகன் மொட்டை போடுவான். நீங்க மொட்டைத் தலையோட நின்னுட்டு இருந்தீங்க. அப்படி நிக்கிற ஆள்கிட்ட நான் அந்த வார்த்தையைச் சொல்வேனா? என்னை அப்படிப்பட்டவன்னா நினைச்சீங்க?"

 வால்வைப் பற்றி எதைக் கேட்டிருந்தாலும் ஜெகனிடம் பதில் இருந்திருக்கும்.

சத்பீர் அன்றே வேலைக்குத் திரும்பினார். ஜெகனுக்கு மெமோ வந்தது. இனிமேல் குறைகளை வாயால் சொல்லக் கூடாது, டிரைவரே தன் கையால் எழுதித் தர வேண்டும் என்று யார்டில் ஒரு உத்தரவும் ஒட்டினார்கள். ஜெகன் ராம்தேயியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மாள் பாதி கேட்டுவிட்டு, சிந்தின இலையைப் பொறுக்க நான் ஏன் குனியணும், என் புத்தி, என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை. தீபாவளிக்குப் பிறகு ராம்தேயி வேலைக்கு வந்தார். நாற்றங்காலில் உட்கார்ந்த இடத்திலேயே பைகளில் மண் நிரப்பும் வேலை கொடுத்திருந்தார்கள். எழுந்து நடக்கும்போது இடது கால் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் தரையில் படியும்.

லோடர் அதன் பிறகு முங்கவில்லை. ஆனாலும் வேறு குறைகள் வந்துகொண்டுதானே இருக்கும். சத்பீர் தாளில் எழுதி, டூல்பாக்ஸின் மேல் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு போல்ட்டை அதன்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். எதிரே வந்தால், "நமஸ்தே, ஜெகன் ஜி" என்பார். மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. உஸ்தாத் என்று கூப்பிடுவதில்லை.

ஜெகன் அந்தத் தாள்களை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படிப்பார். படித்து முடித்ததும் இன்னொரு முறை படிப்பார். பிறகு, எல்லாம் தெளிவாக எழுதியிருந்தாலும், தாளை எடுத்துக்கொண்டு டிராக்டர் நிற்கும் இடத்துக்கே போவார். இன்ஜினை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டுவார். இரைச்சல் முழுக்க அடங்கும் வரை காத்திருப்பார்.

"இன்னொரு தடவை சொல்லு, சத்பீர்," என்பார். "நான் கேக்கறேன்."

சத்பீர் தாளைக் காட்டுவார். "அதுல எழுதியிருக்கு, ஜெகன் ஜி."